எதிரே வரும் லாரி எந்தக் காதில் கேட்கும்?

போன வாரம் என் புது ஹெட்போனை எடுத்து ஆசையாகத் தலையில் மாட்டினேன். சந்தன வாசனை!

கழற்றி முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. காது மெத்தை இரண்டிலும் மஞ்சளாக ஈஷியிருந்தது. தலைப் பட்டையில் ஒரு பெரிய திட்டு. ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட முழுசாகப் பிரிக்க மனசு வராமல் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பொருள் அது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"சரளா..." என்று நான் போட்ட சத்தம் திருச்சானூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"இன்னாத்துக்குக் கத்துறீங்க? முனிரத்தினம் அண்ணன் காலையில மலையில மொட்டை போட்டுக்கினு நேரா இங்க வந்தாரு. செத்த நேரம் கேம் ஆடறேன்னாரு. துன்னுட்டு மாடியில படுத்துக்கினு கீறாரு. மெதுவாப் பேசுங்க" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

திருப்பதியில் வீடு இருப்பவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே குடியிருந்தால் உங்களுக்கு உறவினர்கள் அதிகம். சாதாரண அதிகம் இல்லை... எந்த ஊர் அத்தை மகனுக்கு வேண்டுதல் என்றாலும் பை வந்து இறங்குவது உங்கள் ஹாலில்தான். போகும்போது முடியோடு போவார்கள். வரும்போது மொட்டையும் சந்தனமுமாக வந்து சோபாவில் 'அப்பாடா' என்று சாய்வார்கள். எங்கள் வீட்டில் சோபா, தலையணை, டிவி ரிமோட் எல்லாமே சந்தனம் பார்த்தவை. ஹெட்போன் ஒன்றுதான் பாக்கி இருந்தது. இப்போது அதுவும் ஆயிற்று.

வாராவாரம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சத்த வியாதி தெரிந்திருக்கும். ஐம்பதைத் தாண்டிய மனுஷன் ஹெட்போனை மாற்றுகிறான், மறுபடி மாற்றுகிறான், அதற்கு மேல் ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறான் என்றால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும்? மூன்று காரணம் சொல்லித்தான் வாங்கினேன். பாட்டு, சினிமா, கேம்.

"பாட்டுக்கு ரேடியோ கீது. சினிமாவுக்கு டிவி கீது. கேம்முக்கு உங்களுக்கு வயசு இல்ல" என்று மூன்றையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்தாள் சரளா.

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? இந்த ஹெட்போன் கொஞ்சம் ராஜா வீட்டுப் பிள்ளை. கம்ப்யூட்டரில் நேராகச் செருகினால் சோறு கிடைக்காத மாதிரி முனகும். அதற்கு ஊட்டிவிடத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு குமிழ். அதைத் திருப்பினால்... ஆஹா! பாட்டில் வயலின்காரர் என் இடது பக்கம் உட்கார்ந்து வாசிக்கிறார். மிருதங்கம் வலது பக்கம். நடுவில் பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. கேமில் எந்தச் சந்திலிருந்து யார் ஓடி வருகிறான் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடுகிறது. அன்றைக்கு ஒரு பேய்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். மயிர்க்கூச்செறிந்து திரும்பினால், நிஜமாகவே சரளா! கையில் காய்கறிப் பை. எத்தனை தடவை கூப்பிடுவது என்று தொடங்கியவள் ராத்திரிச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை.

சரி, முனிரத்தினத்துக்கு வருகிறேன்.

முனிரத்தினம் என் தங்கை செல்வியின் வீட்டுக்காரர். எனக்குச் சொந்த மாமன் மகனும்கூட. எங்களுக்கெல்லாம் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கத்தில் ஒரே கிராமம். தொண்ணூறுகளில் ஊரிலிருந்து ஆளாளுக்கு மூட்டை கட்டினார்கள் அல்லவா? நான் வேலை கிடைத்துத் திருப்பதிக்கு வந்தேன். அவர் விசா கிடைத்து குவைத்துக்குப் போனார். நான் இங்கே ஒரு காலேஜ் ஆபீஸில் ஃபைல் தள்ள, அவர் அங்கே ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டினார். எங்கள் ஊர் பார்த்த முதல் வாக்மேன் அவர் கொண்டுவந்ததுதான். ஆரஞ்சு கலரில் ஸ்பாஞ்சு வைத்த அந்த ஹெட்போனை என் காதில் முதன்முதலாக மாட்டிவிட்டவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனுஷன் மொட்டைத் தலையோடு என் ஹெட்போனைத் தொட்டார் என்று நான் சண்டைக்குப் போக முடியுமா?

இந்த முறை அவர் லீவில் வரவில்லை. முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். வந்த கையோடு வெள்ளையில் ஒரு ஏழு சீட் வண்டியும் வாங்கினார். சித்தூரிலிருந்து திருப்பதி, திருச்சானூர், காளஹஸ்தி என்று டிரிப் அடித்தால் போதும், இனி வீட்டுச் சாப்பாடு என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

"ஏங்க... வண்டி வாங்கினவரு மலைக்கு ஏன் பஸ்ல வந்தாரு?" என்று சரளாதான் முதலில் கேட்டாள்.

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை. நான் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து செல்வி போன் செய்தாள்.

"ண்ணா, அவரு அங்க இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

"தூங்கறாரும்மா. ஏன்?"

"வண்டியத் தொடவே மாட்டேன்றாருண்ணா. தெனம் துடைக்கறாரு, கவர் போட்டு மூடறாரு, அவ்ளோதான். யாராச்சும் டிரிப்புக்குக் கூப்ட்டா வவுத்து வலின்றாரு. நேத்து குவைத் ஏஜென்ட் போன் பண்ணான். இன்னொரு வூட்டுக்கு டிரைவர் வேணுமாம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லணுமாம். இவரு வரமாட்டேன்னு சொல்லலண்ணா... யோசிச்சி சொல்றேன்றாரு!"

அவள் குரல் உடைந்துவிட்டது. "திரும்பவும் ஏறிப் போய்ட்டாருன்னா நான் இன்னாண்ணா பண்ணுவேன்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு மூஞ்சப் பாத்ததவிட போன்ல குரல் கேட்டதுதான் ஜாஸ்தி. நீயாச்சும் கேளு. ஒழுங்கா வண்டி ஓட்டிக்கினு இங்கியே இருக்கச் சொல்லு."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டு ஆண்கள் சினிமா பேசுவோம், அரசியல் பேசுவோம். 'உனக்கு என்ன கஷ்டம்' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டதே கிடையாது.

சாயங்காலம் அவரே இறங்கி வந்தார். மொட்டையைத் தடவிக்கொண்டே, "மச்சான், உன் ஹெட்போன் ரிப்பேரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் தங்கையின் அழுகை ஒரு நிமிஷம் பின்னால் போய்விட்டது என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். "இன்னா ரிப்பேரு?"

"அந்தக் கார் ஓட்டற கேம் ஆடனேன். எதிர்ல வர லாரி சத்தம் தப்புக் காதுல வருது. ஒயர மாத்திப் போட்டுட்ட போல."

என்னிடம் ஸ்டீயரிங்கும் பெடலும் வைத்த கேம் செட் ஒன்று உண்டு. அதில்தான் காலையில் ஆடியிருக்கிறார். தப்புக் காதா? என் ஆம்ப்ளிஃபையரிலா? இந்த ரக ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனி ஒயர். கழற்றி மாட்டலாம். நான் பார்த்துப் பார்த்து மாட்டியிருந்தேன். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் பார்த்தேன். கம்ப்யூட்டர் செட்டிங்கைப் பார்த்தேன். கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டைகூடப் பிடித்தேன். பாவம், அவர் 'சார் சார்' என்று கெஞ்சினார். கடைசியில், எதற்கு வம்பு என்று இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் மாற்றிச் செருகி மச்சானிடம் கொடுத்தேன்.

மாட்டிக்கொண்டு ஓட்டினார். முகம் மலர்ந்தது. "ஆங்... இப்பதான் சரியா கீது!"

எனக்கு அவமானமாகப் போயிற்று. இத்தனை நாள் தப்பாகவா கேட்டேன்? வாங்கிப் பாட்டைப் போட்டேன். வயலின்காரர் எழுந்து வலது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். மிருதங்கம் இடது பக்கம். அப்படியானால் முதலில் இருந்ததுதானே சரி? பிறகு இவருக்கு மட்டும் ஏன்...

திரையைப் பார்த்தேன். கேமில் அவருடைய கார் சாலையின் வலது பக்கத்தில் நின்றிருந்தது. அதன் மூக்கோடு மூக்கு ஒரு லாரி.

அப்போதுதான் உறைத்தது. குவைத்தில் எல்லாரும் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். எதிரே வருகிற வண்டி இடது காதோரம் கடந்து போகும். நம் ஊரிலும் அந்தக் கேமிலும் இடது பக்கம். எதிரே வருவது வலது காதோரம். ஹெட்போன் சரி. ஆம்ப்ளிஃபையர் சரி. மச்சானின் காதுதான் இன்னும் குவைத்தில் இருந்தது.

"மச்சான்" என்றேன். "வண்டிய ரோட்டுல எடுத்தியா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பூஜை போட்ட அன்னிக்கி எடுத்தேன். சித்தூர் ரோட்டுல திரும்பனேன். கை தானா வலது பக்கம் போய்க்கிச்சி. எதிர்ல பஸ்ஸு... பிரேக் போட்டு நிறுத்தி எறங்கி வந்து தெலுங்குல கொஞ்சம், தமிழ்ல கொஞ்சம் திட்னான் அந்த டிரைவரு. திட்டறது பரவால்ல மச்சான். என் வண்டில பின்னால ஜனம் ஒக்காந்துக்கினு இருந்தா? கொழந்தைங்க இருந்தா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "அங்க இத்தினி வருஷத்துல வண்டில ஒரு கீறல் விழுந்தது இல்ல. நான் டிரைவருன்னு சொல்லிக்கினு இங்க வந்து, ஓட்டத் தெரியலன்னு யாருகிட்ட சொல்லுவேன்? செல்விகிட்டயா? அங்க போனா என் கை கால் அதும்பாட்டுக்கு வேலை செய்யும். அதான் போய்டலாம்னு..."

ஒரு மனுஷன் பிழைப்புக்காக ஊர் மாறலாம், பாஷை மாறலாம். கையும் காலும் காதும்கூடவா மாறிப்போக வேண்டும்? திரும்பி வந்தால் அதையெல்லாம் யார் மாற்றிக் கொடுப்பார்கள்? விமான நிலையத்தில் பெட்டியைத்தான் திருப்பித் தருகிறார்கள்.

எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை, வாசற்படியில் சரளா.

"இதுக்கா அண்ணா இவ்ளோ மனசு ஒடஞ்சி போறீங்க? எங்க வூட்டுக்காரரு பொறந்ததுலேர்ந்து இங்கியே ஓட்டறாரு. இன்னும் சரியான பக்கம் எதுன்னு அவருக்கே தெரியாது" என்றாள்.

சமயத்தில் இவள் வாய்கூட நல்லதுக்குத்தான். மச்சான் சிரித்துவிட்டார்.

ஒயரைப் பழையபடி மாற்றினேன். கேமில் சாலை இடது பக்கம் ஓட்டுகிற ஊராகத்தான் இருந்தது. "கண்ண விடு மச்சான். காதை மட்டும் கேளு" என்று குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினேன்.

அவர் டிரைவர் அல்லவா? சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப எதிர்ல வரவன் வலது காதுல வந்தா நான் சரியா கீறேன். இடது காதுல வந்தா..."

"கோவிந்தா!" என்றாள் சரளா.

அதுதான் பாடம். அதற்கப்புறம் என் ரூம் எனக்கு இல்லை. காலேஜ் விட்டு வந்தால் நாற்காலியில் மச்சான். ஹெட்போனில் மறுபடியும் சந்தனம். நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் மோதினார். கால்வாயில் இறங்கினார். ஒரு திருப்பத்தில் கை தானாக வலது பக்கம் இழுக்க, இடது காதில் லாரி அலறியதும் 'ஐயோ அம்மா' என்று ஸ்டீயரிங்கை ஒடித்தார். மேஜையிலிருந்த காபி என் ஆம்ப்ளிஃபையர் பக்கமாகப் பாய்ந்தது. நான் அதைவிட வேகமாகப் பாய்ந்தேன்.

அந்தக் கேம் என்ன கேம் தெரியுமா? போலீஸ் துரத்தும், நாம் தப்பிக்க வேண்டும். மச்சான் ஆடியதைப் பார்க்க வேண்டுமே! சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிடுவார். இண்டிகேட்டர் போடாமல் திரும்ப மாட்டார். யாராவது ரோட்டைக் கடந்தால் கையைக் காட்டி 'போ நைனா, போ' என்பார். பின்னால் சைரன் அடித்துக்கொண்டு வருகிற போலீஸுக்கு ஒதுங்கி வழிவிட்டார். அவர்களே குழம்பிப்போயிருப்பார்கள்.

"பாருங்க, பொம்மை விளையாட்டுலகூட சிக்னலுக்கு நிக்கறாரு. நீங்களும் கீறீங்களே..." என்றாள் சரளா.

புதன்கிழமை பலமநேர் பக்கத்து உறவுக்காரர்கள் ஒரு கும்பல் வந்து இறங்கியது. எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆளாளுக்கு யோசனை. "லெஃப்ட்ல போப்பா!", "யோவ், லெஃப்ட்டு லெஃப்ட்டு!" அவர்களுக்கு அது விளையாட்டு. அவருக்குப் பிழைப்பு. காது இரண்டும் மூடியிருந்ததால் ஒருத்தர் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை. லாரிகள் ஒவ்வொன்றாக வலது பக்கம் கடந்துபோனபடி இருந்தன. கடைசியில் சுத்தமாக ஒரு ரவுண்டு முடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்தக் கேமில் ஜெயித்தபோதும் யாரிடமும் பார்த்ததில்லை.

ஆனால் கேம் வேறு, சித்தூர் ரோடு வேறு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேமில் முட்டினால் இன்னொரு உயிர் கொடுப்பான்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அவரோடு பஸ்ஸில் குடிபாலா போனேன். வேலூர் போகிற வழியில், ஊருக்கு வெளியே, கல் நட்டுப் பிளாட் போட்டு ஒருத்தரும் வீடு கட்டாத ஒரு லேஅவுட் இருக்கிறது. காலியான தார் ரோடு, அங்கங்கே எருமைகள். அதில் சாயங்காலம் முழுக்கச் சுற்றினார். ஏறும்போது முதலில் இடது பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஸ்டீயரிங் இல்லாததைப் பார்த்து, ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றி வந்தார். அங்கே இண்டிகேட்டர் இருந்த பக்கம் இங்கே வைபர் என்பதால், இண்டிகேட்டர் போட்டால் வைபர் ஆடியது. நான் சிரிக்கவில்லை. என் உயிரும் உள்ளே இருந்ததே!

வெள்ளிக்கிழமை காலை. திருச்சானூர்த் தாயாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று செல்வியைக் கிளப்பினேன். அவள் நம்பவில்லை. "நெஜமாவா? இந்த வண்டிலயா? இவரா?" என்றாள். புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு பின்சீட்டில் ஏறியவள் கதவுக்கு மேலே இருந்த பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு யார் என்ன சொல்லியிருந்தார்களோ. அந்தப் பஸ் விஷயம் அந்த ஊரில் அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்குமா என்ன?

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் மச்சான். உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, "நீ வாயத் தொறக்காத மச்சான்" என்றார். பாட்டை நிறுத்தினார். ஏசியை நிறுத்தினார். தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டார். வலது காதை ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

பட் பட் பட்டென்று பழங்கள் நசுங்கின.

மெயின் ரோடு வந்தது. வைபர் ஒரு தரம் ஆடியது. "மழையே இல்ல, இன்னாத்துக்கு வைபரு?" என்றாள் செல்வி. "தூசு" என்றார். திரும்பினார். நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். தூரத்தில் ஒரு பஸ். பெரிதாகிக்கொண்டே வந்தது. 'லெஃப்ட்' என்று கத்த நாக்கு துடித்தது...

புஸ்ஸ்! வலது காதோரம் காற்றை அள்ளி அடித்துவிட்டு பஸ் போய்விட்டது.

"வலது" என்றார், தனக்குத்தானே. அடுத்து ஒரு லாரி. "வலது." டிராக்டர். "வலது." ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது. சித்தூர் டவுனுக்குள் ஆட்டோக்கள் எல்லாக் காதிலும் வந்தன. அதற்கு எந்த ஊர் டிரைவராலும் ஒன்றும் செய்ய முடியாது. டவுன் தாண்டியதும் உதடு அசைவது நின்றுவிட்டது. மாங்கொட்டை மாதிரி இறுகியிருந்த அவர் தோள்பட்டை இறங்கியது. ஒற்றைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சந்திரகிரி தாண்டும்போது பின்னாலிருந்து பேச்சே காணோமே என்று திரும்பினேன். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். பிடியிலிருந்து கை நழுவி மடியில் புளிச்சோற்றுப் பாத்திரத்தின் மேல் கிடந்தது. வாய் லேசாகத் திறந்து, அப்படி ஒரு தூக்கம்.

மச்சானும் கண்ணாடியில் பார்த்தார். எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு லாரி வந்தது. அவர் தன் பக்கத்து ஜன்னலை மெதுவாக மேலே ஏற்றி மூடினார்.

அப்போது டாஷ்போர்டில் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. திரையில் குவைத் ஏஜென்ட்.

"கட் பண்ணு மச்சான், கட் பண்ணு" என்றார், கிசுகிசுப்பாக. "முழிச்சிக்கப் போறா."

கட் பண்ணினேன்.

முனிரத்தினம் குவைத்திலிருந்து ஊர் வந்து சேர்ந்தது, என்னைக் கேட்டால், சந்திரகிரி தாண்டித்தான்.